கையில் ஒன்றும் இல்லாமல் கரடியிடம் மாட்டினால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் மாமாவுக்கு இடது காதின் மேல் பாதி இல்லை. நெற்றியில் தொடங்கி உச்சி வரைக்கும் ஒரு வடு போகிறது, அதில் மயிர் முளைக்காது. திருகோணமலை டவுனில் எங்கள் சைக்கிள் கடை வாசலில் பின்னேரங்களில் அவர் வந்து கதிரை போட்டு இருப்பார். கடைக்கு வருகிறவர்கள் முதலில் டியூப் கேட்பார்கள், பிறகு அவரைப் பார்ப்பார்கள், பிறகு என்னிடம் மெதுவாகக் கேட்பார்கள். கரடி என்று சொன்னதும் கேள்விகள் வரிசையாக வரும். ஒரே கேள்விகள்தான், ஆட்கள்தான் வேறு. பொடியன்கள் போனில் பார்த்த வீடியோவை வைத்துக் கேட்பார்கள், விறகுக்குப் போகிற ஆட்கள் பயத்தில் கேட்பார்கள். மாமாவிடமும் காட்டுக்குப் போய் வருகிற மற்றவர்களிடமும் கேட்டதையும், நான் தேடி வாசித்ததையும் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

அண்ணா, கையில ஒண்டும் இல்லாம கரடியோட சண்டை பிடிச்சா ஒரு மனிசனுக்குத் தப்ப ஏலுமா?

தப்பலாம். வெல்ல ஏலாது. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் பாதிக் கேள்விகள் வருகின்றன.

நம் நாட்டுக் கரடி அடித்தவர்களில் பெரும்பாலானவர்கள் உயிரோடு வீடு திரும்பியிருக்கிறார்கள். அவர்கள் கரடியை அடித்து விரட்டினார்கள் என்பதல்ல, கரடி தானாக விட்டுப் போயிருக்கிறது. அதற்கு உங்களைத் தின்ன ஆசை இல்லை. உங்களை எழும்ப முடியாமல் ஆக்கிவிட்டுத் தான் தப்பி ஓட வேண்டும், அவ்வளவுதான் அதன் எண்ணம். அந்தக் கொஞ்ச நேரத்தை எப்படிக் கடக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. உயிர் தப்பினாலும் கண் போகலாம், தாடை உடையலாம், கை விரல் மடங்காமல் போகலாம். அதனால் "தப்பலாம்" என்று நான் சொல்வதைத் தைரியமாக எடுத்துக்கொண்டு காட்டுக்குள் இறங்க வேண்டாம்.

திருகோணமலைப் பக்கம் உண்மையாவே கரடி இருக்கா, இல்லாட்டி யால, வில்பத்துவில மட்டுமா?

இருக்கிறது. இலங்கைக் கரடி உலர் வலயக் காட்டு மிருகம். வடக்கு, கிழக்கு, வடமத்தி, தென்கிழக்குத் தாழ்நிலக் காடுகள்தான் அதன் இடம். யாலவிலும் வில்பத்துவிலும் ஜீப்பில் போய்ப் படம் எடுப்பதால் பெயர் அங்கே போய்விட்டது. எங்கள் பக்கம் பன்குளத்துக்கு அங்கால் உள்ள காடு, திரியாய்க்கு மேற்கே, கந்தளாய்ப் பக்கம், சேருவில தாண்டிச் சோமாவதிய வரை போகிற காடு, இங்கெல்லாம் தேனுக்கும் விறகுக்கும் போகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரையில் இருப்பவர்கள் இதை நினைத்து நித்திரையைக் கெடுக்கத் தேவையில்லை.

கண்டவர்கள் குறைவு என்பதற்குக் காரணம், அது பெரும்பாலும் இரவில் திரிவதுதான். பகலில் அடர்ந்த பற்றைக்குள்ளோ பாறை இடுக்கிலோ படுத்துக் கிடக்கும். வஸ்கமுவவில் கழுத்தில் ரேடியோப் பட்டி கட்டிப் பின்தொடர்ந்து பார்த்தபோது, ஒரு கரடி சில சதுர கிலோமீட்டருக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வாழ்வது தெரிந்தது. ஆகவே ஊரில் ஒரு வயதானவர் "அந்தக் கல்லுப் பக்கம் கரடி கிடக்கு, போகாதே" என்று சொன்னால், அது எப்போதோ நடந்த கதை என்று தள்ளிவிடாதீர்கள். அதே கரடி இன்றும் அங்கேயே இருக்கலாம்.

நம்மட கரடி சின்னன்தானே? ஜிம்முக்குப் போற ஒருத்தன், எண்பது கிலோ, சமாளிக்க மாட்டானா?

அமெரிக்காவின் பழுப்புக் கரடியோடு பார்த்தால் சின்னதுதான். இந்த இனத்தில் ஆண் 80 முதல் 140 கிலோ, பெண் 55 முதல் 95 கிலோ வரை வரும். இந்தியாவில் உள்ளதை விட இலங்கையினது கொஞ்சம் சிறியது, மயிரும் குட்டை. எடையைக் கேட்டதும் பொடியன்களுக்கு ஒரு நம்பிக்கை வருகிறது, "என் எடைதானே" என்று. எடை ஒன்றுதான், உடம்பு ஒன்றல்ல.

கறையான் புற்றைத் தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா? கோடை காலத்தில் அலவாங்கு போட்டாலும் தெறிக்கும், சீமெந்து மாதிரி. அதைக் கரடி வெறும் கையால் கிழித்துப் போட்டுவிட்டு உள்ளே மூக்கை விட்டு உறிஞ்சும். அந்தத் தோளும் முன்கையும் தினமும் செய்கிற வேலை அது. நகம் சுமார் 3 அங்குலம், பூனை மாதிரி உள்ளே இழுக்க முடியாது, எப்போதும் வெளியே நிற்கும். உங்கள் குத்து அதன் மேல் விழுந்தால் முதலில் மயிர், பிறகு தொளதொளவென்ற தோல், பிறகுதான் தசை. அதன் நகம் உங்கள் மேல் விழுந்தால் முதலில் சேர்ட், அடுத்தது நீங்கள்.

2021இல் யூகவ் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் அமெரிக்கர்களிடம் வெறுங்கையோடு எந்த மிருகத்தை வெல்வீர்கள் என்று கேட்டபோது, 6 சதவீதம் பேர் பழுப்புக் கரடியை வெல்லலாம் என்றார்கள். நூற்றுக்கு ஆறு பேர்! நம் புராணத்தில் சியமந்தக மணிக்காகக் கிருஷ்ணரும் கரடி அரசன் ஜாம்பவானும் குகைக்குள் 28 நாள் மல்லுக்கட்டியதாக வருகிறது. அந்தக் கதையை எழுதியவர்களுக்குக் கரடியின் பலம் தெரிந்திருக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன்.

அது இறைச்சி சாப்பிடாது எண்டால் ஏன் சும்மா போறவன அடிக்குது?

அதன் சாப்பாடு கறையான், எறும்பு, தேன், பழம். மேல்வாயில் நடு முன்பற்கள் இரண்டு அதற்குக் கிடையாது, அந்த இடைவெளி வழியாகத்தான் கறையானை உறிஞ்சி எடுக்கும். இரைக்காக மனிதனைத் தேடி வருகிற மிருகம் இது இல்லை.

அடிப்பது பயத்தில். அதற்குக் கண் சரியில்லை, காதும் பெரிய கூர்மை இல்லை, மூக்கு மட்டும் அபாரம். புற்றுக்குள் தலையை விட்டு உறிஞ்சும்போது அது போடுகிற சத்தமே நூறு மீட்டருக்கு அங்கால் கேட்கும். அந்தச் சத்தத்தில் நீங்கள் வருவது அதற்குக் கேட்காது, காற்று உங்கள் பக்கம் அடித்தால் மணமும் போகாது. திடீரென்று தலை தூக்கினால் பத்தடியில் ஒரு உருவம். மான் என்றால் ஓடும். கரடிக்கு அப்படி ஓடிப் பழக்கம் இல்லை. இந்தியக் காடுகளில் வரிப்புலியோடு காலங்காலமாக வாழ்ந்த இனம், கிட்ட வந்ததை முந்திக்கொண்டு அடித்தவைதான் மிஞ்சின என்று ஆய்வாளர்கள் விளக்கம் சொல்கிறார்கள். இலங்கையில் வரிப்புலி இல்லை, குணம் மட்டும் மாறவில்லை.

உங்கட மாமாவுக்கு என்ன நடந்தது?

2003, ஆனி மாதம். சமாதான காலம் என்பதால் வருசக் கணக்காகப் போகாத காட்டுக்கெல்லாம் ஆட்கள் திரும்பப் போகத் தொடங்கிய நேரம். மாமாவும் அவருடைய மச்சானும் கிண்ணியாவிலிருந்து ஒரு நானாவும், மூன்று பேர், பன்குளத்துக்கு அங்கால் பாலைப்பழம் எடுக்கப் போனார்கள். சுண்டுக் கணக்கில் விற்கலாம், நல்ல காசு. மற்றவர்கள் வருமுன் மரத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்று விடியுமுன்பே நடந்தார்கள். அந்த மரத்துக்கு அவர்களுக்கு முன்னமே ஒன்று வந்து நின்றது, விழுந்த பழத்தைப் பொறுக்கிக்கொண்டு.

கச்சான் காற்று. எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும், அந்த மாதத்தில் காடு முழுக்க இரைந்துகொண்டே இருக்கும், பக்கத்தில் நிற்பவன் பேசுவது கேட்காது. காற்றும் கரடியிலிருந்து அவர்கள் பக்கமாக அடித்தது. மாமா முள்ளுப் பற்றைக்குக் கீழே குனிந்து நுழைந்து நிமிர்ந்திருக்கிறார், ஏழெட்டு முழத்தில் கறுப்பாக ஒன்று. "மாடு என்று நினைச்சன்" என்பார். அது ஒரு சத்தம் போட்டதாம், பொம்பிளை கத்துவது மாதிரி. அவ்வளவுதான், மேலே வந்துவிட்டது.

இடது கையைக் குறுக்கே பிடித்திருக்கிறார். அந்தக் கையைக் கடித்து இழுத்ததில் முகங்குப்புற விழுந்தார். விழுந்த விதம்தான் அவரைக் காப்பாற்றியது என்று இன்றைக்கும் சொல்வார், ஏனென்றால் தோளில் மடித்துப் போட்டிருந்த சாக்கு அப்படியே பிடரியில் விழுந்து மூடிவிட்டது. தலையிலும் காதிலும் நகம் இறங்கியது. மற்ற இரண்டு பேரும் வாளியில் தட்டிக்கொண்டு கத்திக்கொண்டு ஓடி வர, கரடி விட்டுவிட்டுப் பற்றைக்குள் போய்விட்டது. வெற்றிலை போடுகிற நேரம் கூட இல்லை. சாரத்தால் தலையைக் கட்டி, உழவு மிஷின் பெட்டியில் கிடத்தி ரோட்டுக்குக் கொண்டு வந்தார்கள். ஆஸ்பத்திரியில் சேர்ட்டைக் கழற்ற முடியவில்லையாம், வழியில் பொறுக்கி மடியில் கட்டியிருந்த பாலைப்பழம் நசிந்து, பாலும் ரத்தமுமாகத் தோலோடு ஒட்டிப்போய், கத்தரிக்கோலால் வெட்டித்தான் எடுத்தார்கள். இடது கையில் இரண்டு விரல் இன்னும் மடங்காது.

ஏன் எப்பவும் முகத்தையும் தலையையும்தான் பிடிக்குது?

கரடிகள் தங்களுக்குள் சண்டை பிடிக்கும்போதும் முகத்துக்குத்தான் போகும், ஏனென்றால் எதிரியின் ஆயுதமான பல் அங்கேதான் இருக்கிறது. அதோடு நம் கரடி கிட்ட வந்ததும் பின்னங்காலில் எழும்பும், அப்போது அதன் கைக்கு நேரே வருவது உங்கள் தலை. கரடிக்காயம் என்றால் கண், மூக்கு, தாடை, உச்சித்தோல் என்று இருப்பது இதனால்தான். பின்னால் நான் சொல்கிற எல்லாவற்றுக்கும் இதுதான் அடிப்படை. முகமும் பிடரியும் தப்பினால் மிச்சத்தைத் தைத்து எடுத்துவிடலாம்.

ஓடினா? நான் நல்லா ஓடுவன்.

ஓட வேண்டாம். ஆடி அசைந்து நடப்பதைப் பார்த்து ஏமாறுகிறோம், பாய்ந்து வரும்போது எந்த மனிதனையும் பிடித்துவிடும், அதுவும் முள்ளும் வேரும் கிடக்கிற தரையில். ஓடுகிறவன் முதுகைக் காட்டுகிறான், கால் தடக்கி விழுகிறான். தூரத்தில் கண்டு, அது உங்களைக் காணவில்லை என்றால், வந்த வழியே சத்தமில்லாமல் பின்னால் போங்கள். கண்டுவிட்டது, ஆனால் நிற்கிறது என்றால், அதைப் பார்த்தபடியே ஒவ்வொரு அடியாகப் பின்னால் எடுங்கள், சாதாரணக் குரலில் பேசுங்கள். அதற்குக் கண் சரியில்லை என்று சொன்னேன் அல்லவா, மனிதன் என்று விளங்கினால் பல நேரம் அதுவே விலகிப் போய்விடும்.

அப்ப மரத்தில ஏறினா சரிதானே?

தேனையும் பழத்தையும் அது எங்கே எடுக்கிறது என்று நினைக்கிறீர்கள்? மரம் ஏறுவதில் உங்களை விடக் கெட்டி. நீங்கள் அரைவாசி ஏறும்போது காலைப் பிடித்தால், விழுகிற காயம் வேறு சேரும்.

செத்த மாதிரிக் கிடந்தா மணந்து பாத்திட்டுப் போயிடும் எண்டு சின்ன வகுப்பில படிச்சமே?

இரண்டு நண்பர்கள் கதை. ஒருவன் மரத்தில் ஏறுவான், மற்றவன் மூச்சடக்கிக் கிடப்பான், கரடி காதில் ஏதோ சொல்லிவிட்டுப் போகும். அந்தக் கதையில் ஒரு பாதி பிழை, ஒரு பாதி சரி. மரத்தில் ஏறினவன் தப்பியது பிழை, மேலே சொல்லிவிட்டேன். கிடந்தவன் தப்பியதில் உண்மை இருக்கிறது, ஆனால் கரடி பிணத்தைத் தொடாது என்பதால் அல்ல. எதிரி அசையவில்லை, இனி ஆபத்தில்லை என்று அது நினைப்பதால்.

எப்படிக் கிடக்க வேண்டும் என்பதைக் கதையில் சொல்லவில்லை. மல்லாந்து கிடந்தால் முகத்தைக் கொடுக்கிறீர்கள். குப்புறக் கிடக்க வேண்டும். நெஞ்சும் வயிறும் தரையில் ஒட்ட, நெற்றியை மண்ணில் வைத்து, இரண்டு கை விரல்களையும் பின்னிப் பிடரியில் பூட்டி, முழங்கைகளால் முகத்தின் இரண்டு பக்கத்தையும் மறைத்து. முதுகில் பையோ சாக்கோ இருந்தால் கழற்றவே கூடாது, அது உங்கள் ஓடு. காலைக் கொஞ்சம் அகட்டி வைத்தால் புரட்டுவது கஷ்டம். புரட்டிவிட்டால் உருண்டு திரும்பவும் குப்புற வந்துவிடுங்கள்.

எப்போது படுப்பது என்பதும் முக்கியம். தூரத்தில் கண்டவுடனேயே படுக்கக் கூடாது. அது பாய்ந்து வந்து மேலே விழுகிற அந்தக் கணத்தில். அப்புறம், அது போய்விட்டது என்று தோன்றினாலும் உடனே எழும்பாதீர்கள். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும், எழும்பினால் திரும்ப வரும். காட்டில் குருவிச் சத்தம் திரும்பக் கேட்கும் வரை கிட என்பார் மாமா.

நெட்டில "பழுப்புக் கரடி எண்டா படு, கறுப்புக் கரடி எண்டா எதிர்த்து நில்" எண்டு போடுறாங்க. நம்மட கரடி கறுப்புத்தானே, அப்ப எதிர்க்கிறதா?

இந்தக் கேள்விக்காகத்தான் நான் முக்கியமாக இதை எழுத உட்கார்ந்தேன். வேண்டாம். அந்த அறிவுரை வட அமெரிக்காவுக்கு உரியது. அங்கே கறுப்புக் கரடி என்பது ஒரு தனி இனத்தின் பெயர். அந்த இனம் பொதுவாகக் கூச்சமானது, ஆபத்து என்றால் மரத்தில் ஏறிவிடும். அப்படிப்பட்டது தேடி வந்து மனிதனைத் தாக்கினால் சில நேரம் இரையாகவே நினைத்து வருகிறது, அதனால் எதிர்த்து அடிக்கச் சொல்கிறார்கள். பழுப்புக் கரடி பெரும்பாலும் குட்டியையோ இரையையோ காக்க அடிக்கிறது, அதனால் படுக்கச் சொல்கிறார்கள்.

நம்முடையது நிறத்தில்தான் கறுப்பு. இனம் வேறு, குணமும் வேறு. முன்பு சொன்னபடி பயத்தில் அடிக்கிற மிருகம் இது, எதிர்த்தால் பயம் கூடும், அடி கூடும். ஆகவே நடந்துகொள்ள வேண்டிய முறை அமெரிக்கப் பழுப்புக் கரடிக்குச் சொல்வதற்குத்தான் கிட்ட வருகிறது. உலகத்தில் கரடி இனம் எட்டு, நிறத்தை மட்டும் பார்த்து ஒரு நாட்டு அறிவுரையை இன்னொரு நாட்டுக் காட்டுக்குக் கொண்டு போகாதீர்கள். இந்த வரியைத் தமிழில் மொழிபெயர்த்து அப்படியே பகிர்கிறவர்கள் தயவுசெய்து நிறுத்த வேண்டும்.

படுத்த பிறகும் விடாமக் கடிச்சுக்கொண்டே இருந்தா? அப்பயும் பேசாமக் கிடக்கிறதா?

இது நியாயமான கேள்வி. முதல் சில கடிகளுக்கு அசையாமல் கிடப்பதுதான் சரி, அது எவ்வளவு கஷ்டம் என்று சொல்லத் தேவையில்லை. கத்தாமல் இருப்பது அதைவிடக் கஷ்டம். ஆனாலும் விடுகிற பாடாக இல்லை, உங்களைப் புரட்டி முகத்துக்கும் கழுத்துக்கும் வருகிறது என்றால், இனி இழக்க ஒன்றும் இல்லை. கைக்கு எட்டிய கல், கொப்பு, செருப்பு, எதுவென்றாலும் மூக்கிலும் கண்ணிலும் அடியுங்கள். மூக்குத்தான் அதற்கு நோகிற இடம். வெல்வதற்காக அடிப்பதல்ல, அது ஒரு கணம் பின்வாங்கினால் திரும்பக் குப்புற விழுவதற்காக.

கூட வந்தவர் இருந்தால் கதையே வேறு. மாமாவுக்கு நடந்ததைப் பாருங்கள், வாளிச் சத்தமும் இரண்டு பேர் ஓடி வந்ததும்தான் அதை விலக்கியது. தனியாகக் காட்டுக்குப் போகாதே என்று பெரியவர்கள் சொல்வதற்கு இதை விடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

வெறுங்கையால தப்பின உலகப் பேர்போன ஆள் யாராவது இருக்கினமா?

எல்லோரும் சொல்வது ஹியூ கிளாஸ் என்ற அமெரிக்க வேட்டைக்காரரை. 1823இல் குட்டிகளோடு நின்ற பழுப்புக் கரடியிடம் அகப்பட்டார், சாகப் போகிறார் என்று தோழர்கள் விட்டுப் போனார்கள், அவர் தவழ்ந்தும் நடந்தும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தாண்டிக் கோட்டைக்கு வந்து சேர்ந்தார். ஆனால் அவர் வெறுங்கையர் அல்ல, துப்பாக்கி வைத்திருந்தவர். கரடி செத்ததும் தோழர்களின் உதவியோடுதான். பேர் வராத ஆட்கள்தான் உண்மையில் வெறுங்கையோடு தப்பியவர்கள். இந்தியாவிலும் இலங்கையிலும் விறகு வெட்டுகிறவர்கள், தேன் எடுக்கிறவர்கள், மாடு மேய்க்கிறவர்கள்.

பாண்டாவும் கரடிதானே? அதையாவது வெல்லலாம்தானே?

கரடிதான். 2006இல் பெய்ஜிங் விலங்குக்காட்சிச்சாலையில் ஒருவர் குடித்துவிட்டுப் பாண்டாவைக் கட்டிப்பிடிக்கக் கூண்டுக்குள் குதித்தார். அது காலைக் கடித்தது. அவரும் திருப்பிக் கடித்தார். வாய் நிறைய மயிர்தான் வந்தது என்று பிறகு அவரே சொன்னார். மூங்கிலை நொறுக்குகிற தாடை அது. எட்டு இனத்தில் சிறியது தென்கிழக்காசியாவின் சூரியக் கரடி, 25 முதல் 65 கிலோதான். அதன் நகத்தையும் கோரைப் பல்லையும் பார்த்தால் அதோடும் யாரும் மல்லுக்கு நிற்க மாட்டீர்கள்.

வீடியோவில ஒருத்தன் கரடியோட மல்லுக்கட்டுறான், ஒண்டும் ஆகல்லையே?

அது குட்டியிலிருந்து மனிதரால் வளர்க்கப்பட்ட மிருகம். வாய்க்கட்டு இருக்கிறதா, நகம் இருக்கிறதா என்று நிறுத்திப் பாருங்கள். நம் கரடியின் இந்தியச் சொந்தங்களைக் குட்டியாகப் பிடித்து, மூக்கைத் துளைத்துக் கயிறு போட்டு, பல்லைப் பிடுங்கித்தான் தெருவில் ஆட வைத்தார்கள். அந்தத் தொழில் 2009 அளவில் இந்தியாவில் முடிவுக்கு வந்தது. அப்படிப்பட்ட ஒன்றைத் தள்ளி விழுத்துவதைச் சண்டை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

குட்டியோட வந்தா என்ன செய்யிற?

இதுதான் மிக ஆபத்தானது. தாய் குட்டிகளை முதுகில் ஏற்றிக்கொண்டு போகும், வேறு கரடி இனங்களில் இந்த வழக்கத்தைப் பார்க்க முடியாது. முதுகு வழமைக்கு மாறாகப் பெருத்து, மயிர் குலைந்து தெரிந்தால் குட்டி இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வருசம் வரைகூடக் குட்டிகள் தாயோடுதான் இருக்கும். படம் எடுக்க நிற்கவே வேண்டாம். தனியாக ஒரு குட்டியைக் கண்டாலும் தாய் பக்கத்தில் நிற்கிறது என்றே நினைத்து, வந்த வழியே திரும்புங்கள்.

கரடி பொம்பிளையளத் தூக்கிக்கொண்டு போகும் எண்டு அம்மம்மா சொல்லுவா. உண்மையா?

இல்லை. இந்தக் கதை நம் பக்கம் மட்டும் இல்லை, இந்தியாவிலும் இருக்கிறது. காட்டுக்குள் விறகுக்கும் பழத்துக்கும் பெண்கள் குனிந்து வேலை செய்வார்கள், குனிந்து நிற்கிற உருவத்தைக் கரடி இன்னும் பிந்தித்தான் கவனிக்கும், அதனால் அடி வாங்கியிருப்பார்கள். அதற்குப் பிறகு ஊர் கட்டின கதை, காயப்பட்ட பெண்ணுக்கு அவமானமாகவும் சேர்ந்தது. அப்படி ஒரு காயத்தோடு வந்த பெண்ணிடம் இந்தக் கதையைக் கேட்டு வதைக்காதீர்கள்.

நாய் கூட்டிட்டுப் போனா, இல்லாட்டிக் கத்தி கொண்டு போனா?

நாய் முன்னால் ஓடிக் குரைத்துக் கரடியைக் கிளப்பும், பிறகு பயந்து உங்களிடமே திரும்பி ஓடி வரும், பின்னால் கரடி. கயிற்றில் பிடித்துக் கூட்டிப் போனால் பரவாயில்லை. கத்தி எட்டுகிற தூரம் என்றால் கரடியின் கையும் எட்டுகிற தூரம். அதைவிட நீளமான தடி நல்லது, உங்களுக்கும் அதற்கும் இடையில் நீட்டிப் பிடிக்க. எல்லாவற்றையும் விட நல்லது சத்தம். பேசிக்கொண்டு, பாட்டுப் படித்துக்கொண்டு, தடியால் மரத்தில் தட்டிக்கொண்டு போங்கள், முக்கியமாகப் பற்றை அடர்ந்த இடத்திலும் கச்சான் அடிக்கிற நாளிலும். விடியப்புறமும் மைம்மலும் வேண்டாம். வைகாசியிலிருந்து ஆடி வரை பாலை மரத்தடிக்குத் தனி ஆளாகப் போக வேண்டாம். கோடை முற்றித் தண்ணீர் வற்றினால் சின்னக் குளங்களின் ஓரத்தில் கவனம், அதற்கும் தாகம் எடுக்கும்.

கடிச்சிட்டுது. முதல் என்ன செய்யிற?

அது போய்விட்டது என்று உறுதியானதும் அந்த இடத்தை விட்டு விலகுங்கள். ரத்தம் வருகிற இடத்தில் துணியை மடித்து வைத்து அழுத்திப் பிடியுங்கள், அடிக்கடி எடுத்துப் பார்க்க வேண்டாம். தலைத்தோல் பிரிந்து தொங்கினால் பார்க்கவே நெஞ்சு பதறும், ஆனால் அதை வெட்டவோ இழுக்கவோ கூடாது, இருந்த இடத்தில் திரும்ப வைத்துச் சாரத்தாலோ சேலையாலோ இறுக்கிக் கட்டுங்கள், நன்றாகப் பொருந்தும். முகத்தில் காயம் என்றால் மல்லாந்து கிடத்தாதீர்கள், ரத்தம் தொண்டைக்குள் போகும். பக்கவாட்டில் கிடத்துங்கள், அல்லது முன்னால் சாய்த்து இருத்துங்கள். போன் எடுக்கிற இடம் வந்ததும் 1990 அம்புலன்ஸ், காசு இல்லை.

ரத்தம் அதிகம் ஓடாத கடியையும் கீறலையும் சவுக்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், கோப்பித்தூள், மண்ணெண்ணெய் எதுவும் வைக்காதீர்கள். சின்னக் கீறல்தானே என்று வீட்டில் இருக்கவும் கூடாது, ஏற்பு ஊசியும் விசர்நோய்த் தடுப்பூசியும் போட வேண்டுமா என்று வைத்தியர்தான் முடிவு செய்ய வேண்டும்.

இவ்வளவு ஆபத்தான மிருகத்த ஏன் விட்டு வைக்கோணும்? ஊராக்கள் சேர்ந்து சுட்டா முடிஞ்சுதானே?

1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தில் கரடி பாதுகாக்கப்பட்ட விலங்கு, கொன்றால் மறியல். அது ஒரு பக்கம். நாடு முழுக்க 500க்கும் 1,000க்கும் இடையில்தான் இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். எங்கள் ஊர்ச் சின்னப் பள்ளிக்கூடம் ஒன்றில் படிக்கிற பிள்ளைகளின் தொகை அது. காடு வெட்ட வெட்ட அதற்குப் போக இடம் இல்லை, நாம் அதன் மரத்தடிக்குப் போகிறோம். அடிக்கடி தொந்தரவு என்றால் வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு 1992க்கு அடித்துச் சொல்லுங்கள்.

இதை நான் சொல்வதை விட மாமா சொன்னால் கேட்பார்கள். "அதுவும் பழம் பொறுக்கத்தான் வந்தது, நானும் பழம் பொறுக்கத்தான் போனன்" என்பார். கோபம் இல்லையா என்று ஒரு பொடியன் கேட்டபோது, நோவு இருக்கிறது, கோபம் இல்லை என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்தார்.

அவர் இப்பவும் காட்டுக்குப் போறவரா?

போகிறார். அறுபத்தெட்டு வயது, தேனுக்கு இல்லை, மருந்துச் செடி பிடுங்க. நானும் போன வருசம் கூடப் போனேன். பற்றை அடர்ந்த இடம் வருமுன் நிற்பார், தடியால் பக்கத்து மரத்தில் மூன்று தரம் தட்டுவார், பிறகு உள்ளே பார்த்துச் சத்தமாகச் சொல்வார்: "வாறமடா, விலகு." கொஞ்சம் பொறுத்து, ஒன்றும் அசையவில்லை என்றால்தான் அடுத்த அடி எடுத்து வைப்பார்.